யப்பான் குழியும் மைதானத்துப் பள்ளமும்

நம் பாடசாலை விடுதியில் தங்கிப் படித்த எவரும் ‘யப்பான் குழி’யை மறந்திருக்க மாட்டார்கள். விடுதிக்குப் பின்னால் உள்ள சரிவில், மூங்கில் பற்றைக்கு அருகே, பாதி மண்ணில் புதைந்து கிடக்கும் சீமெந்துத் தொட்டி அது. யப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில் மாணவிகளும் ஆசிரியைகளும் அதற்குள் ஒளிந்திருந்தார்கள் என்பது விடுதியில் வழிவழியாக வந்த கதை. ஆறாம் தரத்தில் எனக்கு அதைச் சொன்ன அக்கா, இரவில் அங்கிருந்து அழுகுரல் கேட்கும் என்பதையும் சேர்த்தே சொன்னார். பத்தாம் தரத்துக்கு வந்தபோது அதே கதையை, அழுகுரலையும் விடாமல், நான் தங்கைமாருக்குச் சொன்னேன்.

சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டு அந்தத் தொட்டியருகே ‘இரண்டாம் உலகப் போர்க்காலப் பதுங்குகுழி’ என்று ஒரு நினைவுக் கல் பதிக்கலாம் எனச் செயற்குழுவில் பேச்சு வந்தது. கல்லில் பொறிக்கும் வாசகத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுதுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை போனேன். வைத்தியத் தொழிலில் பழகிய வழக்கம் அது. முன்னால் வந்தவர் எழுதிவைத்த நோயின் பெயரை நம்பி மருந்து எழுதக்கூடாது, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தொட்டியின் நீளம் எட்டடி, அகலம் ஆறடி, ஆழம் ஐந்தடிக்கும் குறைவு. விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேரும் வேண்டாம், பத்துப் பேர் உட்காரவே இடம் போதாது. மேல் மூலையில் குழாய் நுழைந்த துவாரம் ஒன்று, எதிர்ப்பக்கச் சுவரில் இன்னொன்று. தரை ஒரு பக்கமாகச் சரிந்து சிறிய வாய்க்காலில் முடிகிறது. நீர் விநியோகப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “இது பீலித் தண்ணிக்குக் கட்டின தொட்டி, டொக்டர். மேலே ஊற்று, இங்கே மண் படியும், தெளிஞ்ச தண்ணி கீழே குசினிக்குப் போகும்,” என்றார்.

அழுகுரலும் காலியான குழாயில் காற்று புகுந்த சத்தமாகத்தான் இருந்திருக்கும். செயற்குழுவிடம் இதைச் சொன்னபோது சில முகங்கள் வாடின. எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தம்தான் என்னை வேறொரு கேள்விக்குக் கொண்டுபோனது. அப்படியானால் கண்டியில் அந்தப் போரின் தடம் உண்மையில் எங்கே இருக்கிறது?

திருகோணமலையில் உண்டு, கண்டியில் இல்லை

யுத்தம் என்றால் நம் தலைமுறைக்கு வேறொரு யுத்தம்தான் நினைவுக்கு வரும். அந்த யுத்தம் முடிந்த சில ஆண்டுகளில் நான் திருகோணமலை மாவட்டத்தில் பணியாற்றினேன். அங்கே 1942ஐத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒஸ்டன்பேர்க் முனையில் ஹூட்ஸ் டவர் பகுதியில் கடலை நோக்கிய பீரங்கிகளும் அவற்றுக்கான மேடைகளும் இன்னும் இருக்கின்றன. சீனன்குடாவில் ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளக்கூடிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்த ஒரு தாங்கியின் உருகிய இரும்பையும் அங்கே பார்க்கலாம்.

அந்த ஆண்டின் நிகழ்வுகளைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 4இல் கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் ஓட்டிச் சென்ற கட்டலினா விமானம் இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கப்பற்படையைக் கண்டது. சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன் அது செய்தியை அனுப்பிவிட்டது. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பு தாக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. அதே 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கண்டியில் குண்டு விழவில்லை. கொழும்பிலிருந்து வீதி வழியாக 115 கிலோமீற்றர், நடுவே கடுகண்ணாவை மலை. கடற்கரைக்குப் பீரங்கி தேவைப்பட்டது, கண்டிக்குத் தேவைப்படவில்லை. கொழும்பிலிருந்து ஓடி வந்தவர்களுக்கு மலைநாடு புகலிடமானது. கொழும்பு றோயல் கல்லூரிக் கட்டடத்தை இராணுவ வைத்தியசாலையாக எடுத்துக்கொண்டார்கள். சென் தோமஸ் கல்லூரி 1942இல் குருத்தலாவையில் ஒரு கிளையைத் தொடங்கியது. ஆகவே கண்டியில் சுவரையும் பீரங்கி மேடையையும் தேடுவது வீண். இங்கே போர் வேறு வேடத்தில் வந்தது.

பூந்தோட்டத்தில் ஒரு தலைமையகம்

1943இன் பிற்பகுதியில் நேச நாடுகள் தென்கிழக்காசியக் கட்டளையகம் என்ற ஒன்றை அமைத்து, லூயி மவுண்ட்பேட்டனை அதன் தலைவராக்கின. முதலில் அது டில்லியில் இருந்தது. 1944 ஏப்ரலில், வடக்கே இம்பாலிலும் கொஹிமாவிலும் கடும் சண்டை நடந்துகொண்டிருந்த வேளையில், தலைமையகம் கண்டிக்கு மாறியது. மவுண்ட்பேட்டன் தங்கியது கிங்ஸ் பவிலியனில், இன்று நாம் ஜனாதிபதி மாளிகை என்று சொல்லும் இடத்தில். குளக்கரையில் உள்ள சுவிஸ் ஹோட்டலிலும் தலதா மாளிகைக்கு அருகே உள்ள குயின்ஸ் ஹோட்டலிலும் அதிகாரிகள் நிறைந்தார்கள். அலுவலகங்கள் பேராதனைப் பூந்தோட்டத்துக்குள் வந்தன.

நாம் ஒவ்வோர் ஆண்டும் சுற்றுலா போய், சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்ட அதே பூந்தோட்டம்தான். 1821இல் தொடங்கப்பட்டது, மகாவலி மூன்று பக்கமும் வளைந்தோடும் நிலம். பர்மா, மலாயா, சுமாத்திரா ஆகியவற்றுக்கான போர்த் திட்டங்கள் அந்த மரங்களின் கீழ் எழுதப்பட்டன. அங்கே ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள்.

அத்தனை பேர் இருந்த இடத்தில் ஏன் ஒரு சுவர்கூட மிச்சமில்லை? விடை எளிது. அந்த அலுவலகங்களில் பெரும்பாலானவை கிடுகுக் கொட்டில்கள். அவசரமாக எழுப்பவும் போர் முடிந்ததும் அகற்றவும் தடியும் கிடுகும் போதும். கண்டி மழையில் ஒரு கிடுகுக் கூரை இரண்டு வருடத்துக்கு மேல் தாங்காது. 1945 நவம்பரில் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போனது. அடுத்த சில மழைகளில் எஞ்சியதும் மண்ணாகிவிட்டது.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. என் அம்மாயி ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா, அந்த ஆண்டுகளில் தோட்டத்தில் பெயர் பதிந்துவிட்டு, கங்காணிக்குச் சொல்லிவிட்டு, பேராதனைக்குக் கூரை கட்டப் போவாராம். “பூந்தோட்டத்துல வெள்ளக்காரனுக்கு ஓலக் குடிச கட்டிக் குடுத்தவரு ஒங்க பாட்டன்,” என்று அம்மாயி சிரித்துக்கொண்டே சொல்வார். வெள்ளைக்காரன் ஓலைக் குடிசையில் உட்காருவானா என்று நாங்கள் அவரைக் கேலி செய்தோம். அவர் சொன்னது சரியென்று தெரிந்தபோது, மன்னிப்புக் கேட்க அம்மாயி இல்லை.

கோப்புகளுக்குக் காவலிருந்த பெண்கள்

பெண்கள் பாடசாலை மலர் என்பதால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அந்தக் கொட்டில்களில் ஏராளமான பெண்கள் வேலை செய்தார்கள். கடற்படையின் பெண்கள் பிரிவினர் இருந்தார்கள். எதிரியின் நிலத்துக்குள் இரகசியமாக ஆட்களை இறக்கிய ‘ஃபோர்ஸ் 136’ அமைப்புக்காகச் சங்கேதச் செய்திகளைக் கையாண்ட பெண்கள் இருந்தார்கள். அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். கண்டியில் வைத்திருந்த நிலையத்தில், இரகசிய ஆவணங்கள் அனைத்தையும் பதிந்து பாதுகாத்த பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜூலியா மக்வில்லியம்ஸ். வயது முப்பத்திரண்டுக்குள். அவரும் கிடுகுக் கூரையின் கீழ்தான் வேலை செய்தார். அங்கேயே பால் சைல்ட் என்பவரைச் சந்தித்தார், பின்னர் மணந்தார். 1961இல் வெளிவந்த பிரெஞ்சுச் சமையல் நூல் மூலம் உலகமே அறிந்த ஜூலியா சைல்ட் அவர்தான்.

கண்டியில் எழுதப்பட்ட இன்னொரு தாளும் உண்டு. 1945 செப்டெம்பர் முதல் வாரத்தில் பர்மியத் தலைவர் ஆங் சான் இங்கு வந்து மவுண்ட்பேட்டனுடன் பேசினார். யப்பானுக்கு எதிராகத் திரும்பிய அவருடைய வீரர்களைப் புதிய பர்மியப் படையில் சேர்ப்பது பற்றிய கண்டி உடன்படிக்கை அப்போது உருவானது. பர்மாவில் பள்ளிப் பிள்ளைகள் வரலாற்றில் நம் ஊரின் பெயரைப் படிக்கிறார்கள். நாம் படித்ததில்லை.

தெவெனி ராஜசிங்க மாவத்தையில்

கண்டியில் அந்தப் போரின் அழியாத தடம் ஒன்று உண்டென்றால், அது தெவெனி ராஜசிங்க மாவத்தையில் உள்ள போர் மயானம்தான். சுமார் 200 கல்லறைகள். பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இலங்கையர், இந்தியர், கனடியர், சில இத்தாலியர். எல்லாருக்கும் ஒரே உயரத்தில் கல், ஒரே அளவில் புல். வயதுகளை வாசித்துக்கொண்டே நடந்தால் இருபது, இருபத்திரண்டு, இருபத்தாறு என்று வருகிறது. வார்டில் நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளின் வயது.

ஒரு வைத்தியருக்கு அங்கே இயல்பாகவே ஒரு கேள்வி எழும். கண்டியில் சண்டையே நடக்கவில்லை. அப்படியானால் இவர்கள் எதனால் இறந்தார்கள்? கல்லில் காரணம் எழுதப்படுவதில்லை. ஆனால் அந்தப் போர்முனையின் பொதுவான நிலை நமக்குத் தெரியும். பர்மா முனையில் படை நடத்திய ஜெனரல் ஸ்லிம் பின்னர் எழுதிய நூலில் 1943ஆம் ஆண்டின் கணக்கைத் தருகிறார்: காயம்பட்டு வெளியே கொண்டுவரப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் கொண்டுவரப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா, வயிற்றுளைச்சல், தெள்ளுக்காய்ச்சல். மெப்பக்ரின் என்ற மஞ்சள் மாத்திரையைத் தினமும் விழுங்கச் சொன்னால் வீரர்கள் துப்பிவிடுவார்கள். ஸ்லிம் திடீரெனப் பரிசோதனை நடத்தினார். மாத்திரை எடுத்தவர்கள் 95 வீதத்துக்குக் குறைந்தால் அந்தப் பிரிவின் கட்டளை அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கினார். மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது.

இலங்கைக்கு மலேரியா புதிதல்ல. 1934–35இல் வந்த பெருவாரிக் காய்ச்சலில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அதில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவற்றுள் கேகாலை, குருநாகல், மாத்தளை, கண்டி மாவட்டங்களின் தாழ்ந்த பகுதிகளும் அடங்கும். போர்க்காலத்தில் படைகளுக்காகப் பயன்படத் தொடங்கிய டி.டி.ரி., போர் முடிந்த கையோடு நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்தது. 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். வென்றுவிட்டோம் என்று தெளிப்பதைக் கைவிட்டதும் நோய் திரும்பியது. 1968–69இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பிறகு பல்லாண்டு உழைப்பு. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

டி.டி.ரி.யின் தீங்குகளை இன்று நாம் அறிவோம். ஆனாலும் அந்த ஆண்டுகளிலிருந்து நமக்கு எஞ்சிய பாதுகாப்பு அரண் எது என்று என்னைக் கேட்டால், வீடு வீடாகப் போய்த் தெளித்து, இரத்தம் எடுத்துப் பரிசோதித்த அந்தப் பழக்கத்தைத்தான் சொல்வேன். அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

கல் இல்லாதவர்கள்

மயானத்தில் கிழக்கு ஆபிரிக்க வீரர்களின் பெயர்களும் இருக்கின்றன. தூர தேசத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அவர்களின் பெயர்கள் கல்லிலாவது நிற்கின்றன என்பது ஆறுதல். ஆனால் இந்தப் போருக்காக உழைத்தவர்களில் கல் இல்லாதவர்களே அதிகம்.

மலாயா வீழ்ந்ததும் நேச நாடுகளின் இறப்பர் பெரும்பகுதி இலங்கையிலிருந்தே போக வேண்டியதாயிற்று. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை, பாலை எடு என்ற உத்தரவோடு மரங்களை வெட்டினார்கள். வெட்டிய கைகள் தோட்டத் தொழிலாளரின் கைகள். பர்மா வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கூப்பன் வந்தது, கோதுமை மா வந்தது. அன்று பஞ்சத்துக்கு வந்த கோதுமை மா இன்றும் நம் லயங்களில் ரொட்டியாக இருக்கிறது. அதையும் போரின் தடங்களில் ஒன்றாக எண்ணலாம்.

போர் முடிந்து மூன்று ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத்தில் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். பூந்தோட்டத்தில் கூரை கட்டிய என் பாட்டனாரும் அவர்களில் ஒருவர். அவர் கட்டிய கூரையும் இல்லை, அவர் இந்த நாட்டவர் என்று சொல்லும் தாளும் இல்லாமல் அவர் இறந்தார். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அவருடைய கொள்ளுப்பேத்தி நான், அரச வைத்தியசாலையில் கையெழுத்துப் போட்டு மருந்து எழுதுகிறேன். இதை எழுதும்போது அந்த இடைவெளி எவ்வளவு என்பது எனக்கே பெரிதாகத் தெரிகிறது.

மைதானத்துப் பள்ளம்

இனி நம் பாடசாலைக்கு வருவோம். பீலித் தொட்டியால் ஏமாந்த பிறகு, நம் சங்கத்தின் மூத்த அக்கா ஒருவரைப் பார்க்கப் போனேன். வயது தொண்ணூற்றிரண்டு. கண் மங்கலாக இருந்தாலும் நினைவு தெளிவு. யப்பான் குழியைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார்.

“அதுக்குள்ள யார் பிள்ளை ஒளிச்சது? அது தண்ணித் தொட்டி. எங்களுக்கு வெட்டினது மைதானத்தில. நெட்போல் விளையாடுற பக்கம், வேலியோரமா. நேரா வெட்டயில்லை, வளைச்சு வளைச்சு வெட்டினவை. மணி அடிச்சால் ஓடிப்போய் இறங்க வேணும். காதுக்குப் பஞ்சு, பல்லுக்கு இடையில கடிக்க ஒரு றப்பர் துண்டு, எல்லாரிட்டயும் சின்னப் பையில இருக்கும். மழை பெய்தால் குழி நிறையத் தவளை. யப்பான்காரனை விடத் தவளைக்குத்தான் எங்களுக்குப் பயம்.”

போர் முடிந்ததும் வேலையாட்கள் மண் போட்டு மூடினார்கள் என்றும், அந்த மண்ணில் ஆசிரியை ஒருவர் மரவள்ளி நட்டார் என்றும் சொன்னார்.

வளைத்து வளைத்து வெட்டியது என்ற அந்தச் சொல் என்னை நிறுத்தியது. பதுங்குகுழியை நேர்கோட்டில் வெட்டினால், ஒரு முனையில் விழும் குண்டின் அதிர்வும் சிதறலும் மறுமுனை வரை பாயும். அதனால் கோணல் கோணலாக வெட்டுவார்கள். பத்து வயதில் பார்த்ததை எண்பது வருடம் கழித்து அந்த அக்கா சரியாகவே சொன்னார்.

அந்த வாரம் நல்ல மழை. மறுநாள் காலை மைதானத்துக்குப் போனேன். வேலியோரம், நெட்போல் தளத்துக்கு அப்பால், மழைநீர் ஒரு கோட்டில் தேங்கி நின்றது. பத்துப் பன்னிரண்டடி போய் மடிந்து, மீண்டும் பத்தடி போய் மறுபக்கம் மடிந்து, தண்ணீர் கோணல் கோணலாகக் கிடந்தது. நிரப்பிய மண் ஆண்டுகள் போகப் போகச் சற்று இறங்கும். ஒரு சாண் ஆழம்கூட இல்லாத பள்ளம் அது.

நம் எல்லோருக்கும் தெரிந்த பள்ளம்தான். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும்போது அதில்தான் நான் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டேன். எனக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் சுளுக்கிக்கொண்டார்கள். இதை ஏன் நிரப்ப மாட்டார்கள் என்று திட்டாத விளையாட்டு வீராங்கனை கிடையாது. நிரப்பியும் இருக்கிறார்கள், அது மீண்டும் மீண்டும் இறங்கியிருக்கிறது. தோண்டிப் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அக்கா சொன்ன இடமும் தண்ணீர் காட்டிய வடிவமும் ஒத்துப்போகின்றன. வார்டில் இவ்வளவு அறிகுறி ஒன்றுசேர்ந்தால் நான் சிகிச்சையைத் தொடங்கிவிடுவேன்.

செயற்குழு இப்போது நினைவுக் கல்லை அங்கே வேலியோரமாக நட ஒப்புக்கொண்டிருக்கிறது. வாசகத்தில் எந்த வீரதீரமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ‘1942இல் இப்பாடசாலை மாணவிகளுக்காக வெட்டப்பட்ட பதுங்குகுழியின் இடம்’ என்பது போதும். பீலித் தொட்டிக்கும் ஒரு சிறிய பலகை வைக்கலாம், அதன் உண்மையான பெயரோடு. ஊற்றுத் தண்ணீரைத் தெளியவைத்துப் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த தொட்டி அது. அதுவும் மரியாதைக்குரியதே.

முடிவாக ஒரு வேண்டுகோள். அந்த நாட்களில் வகுப்பறையில் இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியவர்கள். நான் பார்த்த அந்த அக்காவும், இந்த மலர் அச்சுக்குப் போகும் முன், சிறு காய்ச்சலில் காலமானார். அவர் சொன்னதை என் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். என் அம்மாயி சொன்னதைப் பதிந்து வைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு அம்மாயியோ, அம்மம்மாவோ, ஆச்சியோ இருக்கக்கூடும். கூப்பன் கடை வரிசை, விளக்கை மறைத்த இரவு, லொறியில் போன படை, பள்ளிக்கூடத்தில் வெட்டிய குழி என்று எதையாவது அவர் சொல்லத் தொடங்கினால், நாங்கள் செய்தது போலச் சிரிக்காதீர்கள். கேட்டு எழுதி, சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள்.